தோல்கன்றின் பங்கு

பால் சங்கம் வருவதற்கு முன்பெல்லாம் அந்தத் தெருவில் மாடு என்றால் வீட்டுக்கு ஒரு செம்பு பால், அக்கம்பக்கத்துக்கு மோர், அவ்வளவுதான். பிறகு சங்கம் வந்தது, வண்டி வந்தது, சீமைக்காளையின் விந்தை ஊசியில் அடைத்துக்கொண்டு பைக்கில் ஒருவர் வந்தார். தெருவே சேர்ந்து அவருக்குப் 'பைக் காளை' என்று பேர் வைத்தது. அவரும் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்த்தார். சில வருடங்களில் நகரத்தில் பாலுக்கு வரிசையில் நிற்பது ஒழிந்தது. நாடே பாலில் மிதக்கிறது என்று ரேடியோ சொன்னது. பொய்யில்லை. ஒற்றைப் பசு வைத்திருந்த அவள் வீட்டுக் கூரை ஓடாக மாறியதும் அந்தப் பாலில்தான்.

ஆனால் பைக் காளையின் புண்ணியத்தில் பிறப்பது பெண்கன்றாக இருந்தால்தான் மரியாதை. காளைக்கன்று விழுந்தால் வீட்டில் யாருக்கும் முகத்தில் களை இருக்காது. திமில் இல்லாததை ஏரில் பூட்ட முடியாது. ஏரையே டிராக்டர் விழுங்கியாயிற்று. அவள் பசு ஈன்றதும் காளைக்கன்றுதான். "குடிக்கிற பாலுக்குக்கூட உதவாத கழுதை," என்றான் கணவன். அதை யாரும் கொல்லவில்லை. கொல்லத் தேவையும் இல்லை. மடி சுரக்கும்வரை கன்றை முட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துக் கட்டிவிட்டால் போதும். இழுத்துக் கட்டியது அவள் கைதான். நாளைக்குக் கொஞ்சம் கூட விடலாம் என்று தினமும் நினைத்துக்கொள்வாள். ஒரு நாள் காலையில் கன்று எழுந்திருக்கவில்லை.

கன்று போனதும் பசு பாலை அடக்கிக்கொண்டது. கணவன் கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவி உலர்த்தி, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்தான். குச்சியில் நாலு கால் வைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினான். பசு அதை முகர்ந்து பார்த்தது, நக்கியது, தொண்டைக்குள்ளேயே மெல்லக் கூப்பிட்டது. மடி சுரந்துவிட்டது.

"பாத்தியா? மாட்டை ஏமாத்துறது எவ்வளவு ஈஸி!" என்று அவன் சிரித்தான்.

அன்றிலிருந்து தொழுவத்துக்குள் போகவே அவளுக்குப் பயம். கறக்கும்போது தோல்கன்று அவள் கையையே பார்ப்பது மாதிரி இருக்கும். கண் இருந்த இடத்தில் வெறும் தையல்தான், அப்படியும் பார்த்தது. ஒருமுறை அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். மாலையில் வந்து பார்த்தால் வாசலைப் பார்த்து நின்றது.

"அது வாய் ஈரமா இருக்குங்க," என்றாள் கணவனிடம்.

"மாடு நக்குது. ஈரமா இல்லாம காஞ்சா இருக்கும்?"

"மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தப்பவும் ஈரமா இருந்துச்சு."

"உனக்கு மண்டை குழம்பிப்போச்சு. போய் கேனைக் கழுவு."

அவளுக்கு இருந்தது ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்த்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனபோது, "மாடு வெச்சிருக்கிற வீட்டுலயா புள்ள இப்படி இருக்கு? தினமும் ஒரு டம்ளர் பால் குடுங்க, இல்லேன்னா புள்ள தேறாது," என்று அந்தம்மா முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அதன்பின் கேனில் ஊற்றுவதற்கு முன்பே மகளுக்கு ஒரு டம்ளர் எடுத்து வைத்தாள். மகளும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு வெளியே ஓடுவாள், காலி டம்ளரோடு வருவாள்.

ஆனால் பிள்ளை தேறவில்லை. கழுத்தெலும்பு இன்னும் துருத்திக்கொண்டது. தோல்கன்றோ நாளுக்கு நாள் வயிறு புடைத்துக் கனத்தது. தன் பாலைப் பிடுங்கியவளின் பிள்ளையை அது உறிஞ்சுகிறது என்று அவள் நம்பத் தொடங்கினாள். யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். மகளைத் தூங்கவைத்துவிட்டு அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

ஒரு நாள் காலை பாலோடு சங்க வண்டிக்குக் கிளம்பியவள் கேன் மூடியை மறந்து திரும்பி வந்தாள். தொழுவத்தில் மகள் மண்டியிட்டுத் தோல்கன்றின் வாய்த் தையலில் டம்ளரைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் குடிடா. அம்மா வந்துடுவாங்க."

வைக்கோல் பாலை வாங்கிக்கொண்டே இருந்தது.

"என்னடி கண்ணு பண்றே?"

"இது அதோட பால்தானேம்மா? நாமதானே எடுத்துக்கிட்டோம்?"

"அது செத்துப்போச்சுடி."

"அப்ப மாடு யாருக்கும்மா பால் குடுக்குது?"

அவள் தோல்கன்றைக் குச்சிக்காலைப் பிடித்து இழுத்தாள். வயிற்றுத் தையல் பிரிந்தது. அழுகிய வைக்கோல் புழுவும் புளித்த நாற்றமுமாகக் கொட்டியது. கொல்லையில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பேய் தொலைந்தது, இனி பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் பசு காலி இடத்தைப் பார்த்தது. மடியைத் தொட்டால் உதைத்தது. அவள் தடவிக் கொடுத்தாள், கெஞ்சினாள், தீவனம் வைத்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. கணவன் வாசலில் நின்று பல்லைக் கடித்தான்.

மகள் யாரும் சொல்லாமலே போனாள். தோல்கன்று நின்ற இடத்தில் கையைத் தரையில் ஊன்றி, தலை குனிந்து நின்றாள். பசு அவளை முகர்ந்தது. தலைமுடியை, பிடரியை, முதுகை நக்கியது. தொண்டைக்குள் கூப்பிட்டது. மடி சுரந்து காம்புகள் விறைத்தன.

"அப்படியே நில்லு கண்ணு, அசையாதே," என்றான் கணவன். "நாளைக்கும் நிப்பியா?"

மகள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். தாயின் கை அதற்குள் பாதி வாளி கறந்திருந்தது. கறந்துகொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாளியை எட்டி உதைத்தாள். மகளைப் பசுவின் வாயிலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

பின்னால் பசு கயிறு அறுந்துபோகிற மாதிரி இழுத்துக்கொண்டு கதறியது. கன்று செத்த அன்றுகூட அது அப்படிக் கதறவில்லை.

"விடும்மா," என்று மகள் அவள் தோளில் திமிறினாள். "அது என்னைக் கூப்பிடுது. விடும்மா."