டிங்கருக்கு வாங்கிய எலும்பு

வெளியே நாற்பது டிகிரி வெயில். உள்ளே டெஸ் ஹீட்டரை முழு வேகத்தில் திருகி வைத்திருந்தான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முப்பது வருஷத்து டீசல் வண்டி, பின்னால் இரண்டரை டன் கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு கணவாய் மேட்டில் ஏறும்போது வேறு வழி கிடையாது. என்ஜினின் சூட்டை வண்டிக்குள் இறக்கினால்தான் என்ஜின் பிழைக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வெந்தால் வேகட்டும், அவர்களுக்கு உதிரி பாகம் தேட வேண்டியதில்லை.

அவன் மனைவி லோர்னா கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டில் அது அவளுடைய வேலை.

"பாதியத் தாண்டிடுச்சு, டெஸ்."

"மகாராணி முக்கி முனகியாவது ஏறிடுவா, நீ பாரேன்."

"ஆமா, மகாராணி! கரும்புகையக் கக்கிக்கிட்டு உருள்றா. பின்னால வர்ற லாரிக்காரன் நம்ம பரம்பரையையே திட்டிக்கிட்டு வரான்."

டெஸ் சிரித்தான். முன்னால் பெர்னியும் அவன் மனைவி கிளெனிஸும் தங்கள் புது வண்டியில் கேரவனோடு சுலபமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷமாக ஒரே தெருக்காரர்கள். இரண்டு வண்டியிலும் ரேடியோ பதினெட்டாம் சேனலில் இருந்தது. கேரவன்காரர்கள் எல்லோரும் அந்தச் சேனலில்தான் பேசிக்கொள்வார்கள்.

லோர்னாவின் காலடியில் ஒரு பை. அதில், போர்ட் அகஸ்டாவில் கறிக்கடைக்காரனிடம் நேற்று வாங்கிய பெரிய மாட்டு எலும்பு. புகை போட்டது, மாசக்கணக்கில் கெடாது என்று அவன் சொல்லியிருந்தான். டிங்கருக்கு. செப்டம்பரில் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதைத்தான் கொடுக்கப் போகிறாள்.

டிங்கர் அவளுடைய செம்பட்டை நாய். எட்டு வயசு. அதைக் கூட்டி வர முடியாது என்று டெஸ் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். தேசியப் பூங்காக்களில் நாய்க்கு அனுமதியில்லை. வண்டியிலும் எடை தாங்காது. தட்டு, போர்வை, அவளுடைய தையல் மெஷின் எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தவன் அவன். "டிங்கருக்கு ஒரு வழி பண்ணாம நான் வரல," என்று லோர்னா மூன்று வாரம் முரண்டு பிடித்தாள். கடைசியில் ஃபிரேசர் என்று ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர் கிடைத்தார். டெஸ்தான் கொண்டுபோய் விட்டான். "நீ வந்தா அது உன் பின்னாலயே ஓடி வந்துடும், கண்ணு," என்று அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டான். அவள் அழுதாள், ஆனால் நம்பினாள்.

கிளம்பி ஆறு வாரம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டெஸ் போனைப் பார்த்துவிட்டுச் சொல்வான்: "நல்லாத்தான் இருக்கான். கவலைப்படாதே." ஒரு தடவை, ஆட்டுக்குட்டி ஒன்று டிங்கரை முட்டித் தள்ளிவிட்டதாம். இன்னொரு தடவை ஒரு போட்டோ வந்தது, டிங்கர் புல்லில் மல்லாந்து கிடந்தான். தங்கிய இடத்தில் எல்லாம் லோர்னா அதை ஆளாளுக்குக் காட்டினாள்.

ரேடியோ கரகரத்தது. பெர்னியின் குரல், ஆனால் அவன் பேசியது இவர்களோடு இல்லை.

"...அந்தத் தண்ணி பாட்டில இப்படிக் குடு."

டெஸ்ஸுக்குக் கொண்டாட்டம். "அடேய், பெர்னி மைக் மேல உக்காந்துட்டான்! பட்டன் அமுங்கிக் கிடக்கு, அவன் பேசறதெல்லாம் வெளிய வருது. இன்னிக்கு மாட்டினான் பாரு!" கேரவன்காரர்களில் இப்படி மாட்டாதவர்கள் யாரும் இல்லை. டெஸ்ஸே கை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினான்.

"லோர்னா அந்த எலும்பை என்கிட்ட காட்டினா பாரு," கிளெனிஸ் சொன்னாள். "சின்னப் புள்ள மாதிரி முகமெல்லாம் சிரிப்பு."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான் பெர்னி. "அவகிட்ட மூச்சு விடக் கூடாது. அந்த நாய் பண்ணையில இல்ல. ஃபிரேசர்னு ஒரு ஆளே கிடையாது."

டெஸ்ஸின் கை ரேடியோவுக்குப் பாய்ந்தது. லோர்னா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளைவு வந்தது. ஒற்றைக் கையால் அந்த வண்டியை அங்கே திருப்ப முடியாது. அவன் கையை ஸ்டியரிங்குக்கே கொண்டுபோனான்.

"அப்புறம் எங்க இருக்கு?" ரேடியோவில் கிளெனிஸ் கேட்டாள்.

"ஊசி போட்டு முடிச்சாச்சு. டெஸ்ஸையும் நாயையும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். யாரும் எடுத்துக்கல, கிளம்புற தேதி வந்துடுச்சு, லோர்னா பயணத்தையே நிறுத்திடுவாளோன்னு டெஸ் பயந்தான். நல்லா இருக்கிற நாயாச்சேன்னு டாக்டர் தயங்கினாரு. ஆளைக் கடிக்குதுன்னு இவன் சொல்லிட்டான்."

"டிங்கரா? கடிக்குமா?"

"அது வாலை ஆட்டிக்கிட்டேதான் உள்ள போச்சு, கிளெனிஸ்."

"அடப்பாவிகளா!" என்ற கிளெனிஸின் அலறலோடு ரேடியோ அடங்கியது.

ஹீட்டர் இரைந்தது. லாரி பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தது. நிறுத்தவும் முடியாது, இறங்கவும் முடியாது.

"லோர்ன்..."

"முள்ளு முக்காலுக்கு வந்துடுச்சு. ரோட்டைப் பாரு."

கொன்றதைவிட, கடிநாய் என்று பழி சுமத்தி அனுப்பினானே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் போட்டோ! ஓரத்தில் துணிக் கொடிக் கம்பம் தெரிந்தது. அது அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம். நூறு தடவை பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை. ஆட்டுக்குட்டிக் கதையை உட்கார்ந்து யோசித்திருப்பான். அதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் கூடவே சிரித்தானே, பாவி!

உச்சியில் ஓரம் கட்டினார்கள். டெஸ் என்ஜினை அணைக்கவில்லை. சூடாக இருக்கும்போது அணைக்கக் கூடாது.

"உனக்காகத்தான் கண்ணு. இந்தப் பயணத்துக்கு நீ எவ்வளவு ஆசைப்பட்டே..."

"நானா ஆசைப்பட்டேன்?"

ரேடியோவில் பெர்னி வந்தான். "டேய் டெஸ், என் மைக் சிக்கிக் கிடந்திருக்கு. ஏதாவது கேட்டுச்சா?"

டெஸ் அவளைப் பார்த்தான். பிறகு மைக்கை எடுத்தான். "இல்ல மச்சி, ஒண்ணும் கேக்கல."

குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமையும் வந்த அதே குரல்.

நாலு மணிக்கு, கேரவன்காரர்கள் ராத்திரி தங்கும் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். மடக்கு நாற்காலிகளில் பீரோடு சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். புதிதாக வருகிறவன் கேரவனை எப்படிப் பின்னால் எடுக்கிறான் என்று பார்ப்பதுதான் அங்கே சாயங்கால வேடிக்கை. டெஸ்ஸுக்கு அதில் ஏகப் பெருமை. பத்து வருஷத்தில் அவன் கேரவனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. "நான் கண்ணாடியே பாக்க மாட்டேன். லோர்னா சொன்னா சரியா இருக்கும்," என்று எல்லோரிடமும் சொல்வான்.

லோர்னா கை ரேடியோவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள். அவர்களுக்கு ஒதுக்கிய இடத்தின் இடது மூலையில், மின் இணைப்புக்கான சிமெண்ட் தூண்.

"எப்படி இருக்கு?" ரேடியோவில் டெஸ் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு."

"அந்தத் தூண்?"

"கவலைப்படாதே. வா."

கேரவன் நகர்ந்தது. இரண்டு முழம். ஒரு முழம். நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏய், ஏய், நிறுத்து!" என்று கத்தினார். டீசல் இரைச்சலில் அது டெஸ்ஸின் காதில் விழவில்லை.

"இன்னும் வரலாமா?"

"நிறைய இடம் இருக்கு, டெஸ். வா."

பின் மூலை தூணில் இடித்து மடிந்து உள்ளே போனது. ஜன்னல் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. டெஸ் குதித்து ஓடி வந்து, உடைந்ததைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இடம் இருக்குன்னு சொன்னியே! உன்னை நம்பித்தானே கண்ணாடியக்கூடப் பாக்காம வந்தேன்!"

"தெரியும்," என்றாள் லோர்னா. "எனக்கும் அந்த மேட்டுலேர்ந்து அப்படித்தான் இருக்கு."

கை ரேடியோவை அவன் கையில் வைத்தாள். முன் இருக்கையிலிருந்து தன் பையையும் எலும்பையும் எடுத்துக்கொண்டு, ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ஆபீஸைப் பார்த்து நடந்தாள்.