கையில்லாத பெண்கள்

ஓவியக்காரிக்குக் கை வரைய வராது. மற்றதெல்லாம் பிரமாதமாக வரும். கழுத்து, தூக்கக் கலக்கம், துவைத்துத் துவைத்து வெளுத்த துணி எல்லாம் தூரிகை சொன்னபடி கேட்கும். விரல் என்று வந்துவிட்டால் மட்டும் வெண்டைக்காயைக் கூறுகட்டி வைத்தது போலாகிவிடும். ஆகவே அவள் படத்துப் பெண்கள் சோப்பு நுரைக்குள் கைவிட்டிருப்பார்கள், இல்லையென்றால் போர்வைக்குள் ஒளித்திருப்பார்கள். எதற்கும் வழியில்லாத இடத்தில் மடியில் ஒரு பூனையைத் தூக்கிப் போட்டுவிடுவாள்.

இந்தக் குறையைத் தத்துவமாக்கியவள் கண்காட்சிக்காரி. பெண் ஓவியர்களைத் தேடிப்பிடித்துக் கரைசேர்ப்பதே அவள் தொழில். காபி ஆறிப்போனால்கூட அதற்கொரு கருப்பொருள் சொல்வாள் என்பதால், ஓவியக்காரியின் நாத்தனார் அவளுக்குக் 'கருப்பொருள்' என்றே பெயர் வைத்துவிட்டாள். "கைகள் பறிக்கப்பட்ட பெண்ணுடல்" என்று கருப்பொருள் சுவரில் எழுதி ஒட்ட, விமர்சகர்கள் அதையே நீட்டி முழக்கினார்கள். ஓவியக்காரிக்குப் பேர் வந்தது. பூனையை 'ஆணாதிக்கத்தின் பாரம்' என்று ஒருவர் எழுதியபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. வீடு தேடி வந்த பேரை யார் விரட்டுவார்கள்?

வினை, புதிய கண்காட்சியின் திறப்பு விழாவில் வந்தது. அருங்காட்சியகத்தின் முகப்புச் சுவர் முழுவதையும் ஓவியக்காரிக்குக் கொடுத்திருப்பதாக ஒலிவாங்கியில் அறிவித்தாள் கருப்பொருள்.

"தலைப்பு, கைகளின் மீட்சி. சுவர் முழுக்கக் கைகள். வெறும் கைகள்."

அத்தனை படங்களுக்கும் உட்கார்ந்து கொடுத்த நாத்தனார் ஓவியக்காரியின் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, இவ்வளவு வெண்டைக்காவுக்கு எங்க போவீங்க?"

"சும்மா இருடி. வராதுன்னு சொல்லிடப் போறேன்."

"சொன்னா பேர் போயிடுமே."

"சொல்லலன்னா, ஊரே பார்க்கிற சுவத்துல போகும்."

ஓவியக்காரி மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினாள். "எனக்குக் கை வரையத் தெரியாதுங்க. அதனாலதான் மறைச்சேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

எழுந்த கைதட்டலில் மண்டபத்தின் கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா?" கருப்பொருள் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தாள். "உனக்குத் தெரியாது, தெரியாதுன்னு சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணை இப்படிச் சொல்ல வெச்சிருக்காங்க பாருங்க."

"அய்யோ, யாரும் சொல்ல வெக்கலைங்க. நிஜமாவே வராது. கட்டைவிரல் எந்தப் பக்கம்னே குழம்பிடுவேன்."

'எந்தப் பக்கம் நிற்பது என்ற காலத்தின் குழப்பம்' என்று ஒரு விமர்சகர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை நாத்தனார் சாப்பாட்டு மேசையில் இடது கையை விரித்து வைத்து உட்கார்ந்தாள்.

"ஒருத்தரும் நம்பலையேடி."

"எப்படி நம்புவாங்க? நம்பினா சுவத்துல எழுதி ஒட்டினதையெல்லாம் கிழிக்கணும். அந்தச் சுவர் உங்க தலையிலதான் அண்ணி. வரைங்க. ஆனா நான் ஆடாம இருக்கணும்னா டிவி ஓடணும்."

தொடரில் யாரோ யாரையோ வீட்டைவிட்டு வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஓவியக்காரி வரைந்தாள், அழித்தாள், தாளைக் கசக்கினாள், வேறு தாள் எடுத்தாள். விளம்பர இடைவேளையில் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு கை?"

"உன்னோடதுதான்."

"எனக்கு ரெண்டு கட்டைவிரலா?"

"ஒண்ணு ஆள்காட்டி."

"அப்படியா. அதுக்கு என்ன கோபமோ, இப்படி வீங்கிக் கிடக்கு." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இந்தச் சுண்டுவிரல் மட்டும் என்னோடதுதான் அண்ணி. கதவிடுக்குல மாட்டி வளைஞ்சது அப்படியே வந்திருக்கு."

ஓவியக்காரி குனிந்து பார்த்தாள். வந்துதான் இருந்தது. அதன் மேல் கைபடாமல் ரப்பரை எடுத்து, மற்ற நான்கையும் அழிக்க ஆரம்பித்தாள்.