பழுப்பு வரிசை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒட்டுக் கேட்டேன். மருந்துக்கடையில் என் பிரஷர் மாத்திரைக்காக நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த கணவன் மனைவியின் பேச்சு காதில் விழுந்தது. ('விழுந்தது' என்பது கௌரவத்துக்காக. உண்மையில் அரை அடி நெருங்கி நின்றுகொண்டேன்.)

கதை எழுதித் தரச் சொன்னவர் எங்கள் இலக்கிய மன்றத் தலைவர். சிறப்பு மலருக்கு. கருத்தடை மாத்திரை பற்றி எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னேன். மாத்திரையை மாத்திரையாக எழுதாதீர்கள், பெண்ணின் மௌனத்துக்குப் படிமமாக்குங்கள், முடிவில் யாராவது இறந்தால் கனம் கூடும் என்றார். அவர் தலைமையில் வந்த மலர்களில் இதுவரை நாற்பது பேராவது இறந்திருப்பார்கள். கனம் கூடித்தான் இருக்கிறது. யாராலும் தூக்க முடிவதில்லை.

2

முதல் தொடக்கம்: "வானம் கருத்திருந்தது. அவளுக்குள்ளும் ஒரு கருமேகம் —"

வேண்டாம். அன்று நல்ல வெயில்.

இரண்டாம் தொடக்கம்: "நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், தன்னந்தனியாக அவள் —"

தனியாக எங்கே? பயிற்சியாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து, லீவரை மெதுவாகத் தள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தொடக்கம்: அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகுகிறாள். அவன் பொத்தான் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறான். கல்யாணமாகி ஒரு வருடம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் விஷயம் புரிகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அவளுக்கு என்ன அவசரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் பன்னிரண்டு பேர். கிரேன் ஓட்டும் கூண்டு கிடைக்கப்போவது இரண்டு பேருக்கு. மூன்று மாதத்தில் தேர்வு. கர்ப்பம் என்றால் ஏணியில் ஏற விடமாட்டார்கள். அடுத்த பயிற்சி எப்போது என்று துறைமுகத்துக்கே தெரியாது. அதனால்தான் டாக்டரிடம் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி*, தினமும் காலை பல் தேய்த்த கையோடு ஒரு மாத்திரை.

அட்டை வாங்கி வருவது அவன் பொறுப்பு.

அவனைத் தொழிற்சாலையில் 'பொத்தான்' என்றே கூப்பிடுவார்கள். பத்தாயிரம் வெள்ளைப் பொத்தான்களைப் பரப்பினால், பால் வெள்ளைக்கு நடுவில் இருக்கும் ஒரேயொரு தயிர் வெள்ளையை எடுத்து வெளியே போடுவான். அப்பேர்ப்பட்டவன் கையில் இருபத்தெட்டு மாத்திரை அட்டை கிடைக்கிறது. மூன்று வரிசை வெள்ளை. நான்காவது வரிசை, ஏழும் பழுப்பு.

நிறம் மாறிய சரக்கைப் பொண்டாட்டிக்கு எப்படிக் கொடுப்பான்? கத்திரியை எடுத்து நான்காவது வரிசையை வெட்டினான். அவன் வெட்டு, கம்பெனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி இருக்கும். வெட்டியதை ஒரு உறையில் போட்டு, மேலே எழுதி வைத்தான்: 'நிராகரிப்பு. காரணம்: நிற வேறுபாடு.'

உடனே போய்ப் புகார் செய்திருக்கலாமே என்பீர்கள். அவன் தொழிலில், சோதிக்க எடுத்த மாதிரிகளில் ஒன்று கெட்டிருந்தால் தற்செயல். தொடர்ந்து மூன்று கெட்டிருந்தால்தான் புகார். மூன்றாவது அட்டை வரும்வரை காத்திருந்தான். அவளிடமும் மூச்சு விடவில்லை. பயந்துவிடுவாளாம்.

* என் மனைவி இதற்கு அடிக்குறிப்பு போடச் சொன்னாள். பிரஷர் இருக்கிறதா, சிகரெட் உண்டா, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி ஒற்றைத் தலைவலி வருமா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் — இவைதான் டாக்டர் கேட்டவை. வலிப்பு மருந்து சிலதும் காசநோய் மருந்து சிலதும் இந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

4

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு கணவனா? வாசகர் நம்புவாரா? மூன்றாம் பகுதி வரை அச்செடுத்து மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நம்புவாங்க. நானும் ஏழு வருஷம் இதே மாத்திரை சாப்பிட்டேன். கலர் என்ன, சொல்லுங்க பாப்போம்."

"வெள்ளை" என்றேன்.

"கடைசி வரிசை?"

அச்செடுத்த தாளில் தேடினேன்.

"அந்தப் பையனாவது அட்டையைப் பாத்தான். நீங்க அலமாரியைக்கூடப் பாக்கல."

(இந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீக்கினால் அவள் அடிக்குறிப்பாகத் திரும்பி வருவாள்.)

5

அவள் பக்கத்துக்கு வருவோம். வெள்ளை இருபத்தொன்றும் முடிந்தது. டாக்டர் சொன்னபடி மறுநாளே அடுத்த அட்டை. அட்டையின் கடைசி வாரத்தில் மாதவிலக்கு வரும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். வரவில்லை. இரண்டாவது அட்டை முடிந்தது. அப்போதும் இல்லை.

கூடவே ஒரு நினைப்பு உறுத்தியது. ஒரு மாதத்துக்கு முன், முதல்முறை கிரேன் ஏறிய இரண்டு நாளும், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவானாம்.

(ஒருவரை ஒருவர் பயத்திலிருந்து காப்பாற்ற இந்தத் தம்பதி பட்ட பாட்டில் பாதியைப் பேசுவதற்குச் செலவழித்திருந்தால் எனக்குக் கதையே கிடைத்திருக்காது. வாழ்க அவர்கள் தாம்பத்தியம்.)

என் முதல் பிரதியில் அவள் பதறிப்போய், விட்டதற்கெல்லாம் சேர்த்து நான்கு மாத்திரையை ஒரே வாயில் போட்டுக்கொள்கிறாள். மனைவி அந்தப் பத்தியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'இது விருந்து இல்லை. ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் அதைப் போடணும், அன்றைக்குரியதை அன்றைக்கே போடணும். ரெண்டோ அதுக்கு மேலயோ விட்டால், கடைசியா விட்ட ஒன்றை மட்டும் போட்டு மீதியை விட்டுடணும். பிறகு தினப்படி ஒன்று. ஏழு நாளுக்கு ஆணுறை. மாத்திரையோட காகிதத்தைப் படிக்கணும், இல்லன்னா கேக்கணும். கதை எழுதுறவரைக் கேக்கக்கூடாது.'

6

சனிக்கிழமை மதியம். மருந்துக்கடை. அவள் யாருக்கும் சொல்லாமல் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்க வந்து நிற்கிறாள். அவன் யாருக்கும் சொல்லாமல் உறையோடு புகார் செய்ய வந்து, அவள் முதுகைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் நான்.

கடைக்கார அக்கா அவன் நீட்டிய உறையைப் பிரித்தார். இருபத்தொரு பழுப்பு மாத்திரைகள், மூன்று நேர்த்தியான வரிசைகளாக.

"தம்பி, இது கெட்ட மாத்திரை இல்ல. இரும்புச்சத்து. நாள் விடாம போடற பழக்கம் விட்டுப்போகாம இருக்கத்தான் இதை வெச்சிருக்காங்க. இந்த ஏழு நாள்லதான் மாதவிலக்கு வரும். நீ அந்த வாரத்தையே வெட்டி எடுத்துட்ட, பின்ன எங்கேருந்து வரும்?"

அவள் மெல்லத் திரும்பினாள். "ஏன்யா, ஒரு மாசமா என் உசுரு போய் உசுரு வருது. நீ அதை உறையில போட்டு லேபிள் ஒட்டி வெச்சிருக்க?"

"மூணு மாதிரி வேணும்ல" என்றான் பொத்தான்.

வெள்ளையை இடைவெளி இல்லாமல் போட்டதில் கெடுதல் ஒன்றும் இல்லை, பாதுகாப்பும் குறையாது என்று அக்கா தைரியம் சொன்னார். அப்போதுதான் அவள் வாந்தியைச் சொன்னாள். அக்கா முகம் மாறியது. மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மாத்திரை போடாத மாதிரிதான். அப்போதே இன்னொன்று போட்டிருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் வேறு. எதற்கும் சோதித்துவிடு என்று பரிசோதனை அட்டையைக் கையில் கொடுத்து, கடைக்குப் பின்னாலிருந்த கழிவறையைக் காட்டினார்.

7

ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். என் முறை வந்துவிட்டது. பின்னால் இருந்தவரை முன்னே போகச் சொன்னேன். அவரும் போகவில்லை. இந்த ஐந்து நிமிடத்தில் மன்றத் தலைவருக்குப் பிடித்த முடிவுகளைப் பார்த்துவிடலாம்.

முடிவு அ: இரண்டு கோடு. கடலைப் பார்த்தபடி தன் கனவை அவள் —

முடிவு ஆ: இரண்டு கோடு. பெண்மையின் பூரணம் என்ன என்பதை அந்தக் கணத்தில் அவள் —

முடிவு இ: கிரேன் விழுகிறது.

கதவு திறந்தது. அட்டையை அவனிடம் நீட்டினாள். "எனக்குக் கண்ணே தெரியல. நீ பாரு."

ஒரு கோடு தெளிவாக இருந்தது. பக்கத்தில் மங்கலாக இன்னொன்று இருந்தாலும் விஷயம் வேறு, நல்லா பாருங்க என்றார் அக்கா. பொத்தான் அட்டையை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தான். சாய்த்துப் பார்த்தான். பால் வெள்ளையில் தயிர் வெள்ளையைத் தேடும் அந்தக் கண்ணால் பார்த்தான். கடை முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சுத்தமா இருக்கு. ஒண்ணுதான். பாஸ்."

அவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். பிறகு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவன் அக்காவிடம் பேனா வாங்கி, உறையின் மேல் 'நிராகரிப்பு' என்பதை அடித்து 'ஏற்பு' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டான்.

8

தேர்வு நடந்தது. கூண்டு கிடைத்தது. இதைக் கண்டுபிடிக்கத் துறைமுக வேலி ஓரமாக ஒரு காலை முழுக்க நின்றேன். உச்சியிலிருந்து ஒரு கை அசைந்தது. எனக்காக இல்லை, கீழே சாப்பாட்டுப் பையோடு நின்ற பொத்தானுக்காக.

சரி, அப்புறம் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். என் தெருவே அப்படித்தான். இரண்டு வருடம் கழித்து அவர்கள் மாத்திரையை நிறுத்தினார்களா, நாம் இருவரே போதும் என்று இருந்துவிட்டார்களா? எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். அந்த முடிவு என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. உங்கள் வீட்டு முடிவு வேண்டுமானால் உங்களுடையது; இரண்டு பேராக உட்கார்ந்து எழுதுங்கள்.

(மனைவியின் கடைசி அடிக்குறிப்பு: கெண்டைக்காலில் வீக்கம் வலி, நெஞ்சுவலி, திடீரென்று கடும் தலைவலி, பார்வை மங்கல் — இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அடிக்குறிப்புதானே என்று தாண்டிப் போகக்கூடாது.)

9

இந்தப் பகுதியில் மருந்து எதுவும் இல்லை. பழுப்புதான். வாசிக்கிற பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்பதற்காக வைத்தேன். தயவுசெய்து யாரும் வெட்டிவிடாதீர்கள், தலைவரே, உங்களைத்தான்.