கரைக்கு வராத விளக்கு

எனக்குக் கோணல் பிடிக்காது. சுவரில் நாட்காட்டி ஓர் இம்மி சாய்ந்திருந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வயரிங் வேலையில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். நான் அடித்த குழாயை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நூல் பிடித்த மாதிரி போகும். அதனாலேயே எனக்கு 'நூல்' என்று பெயர் விழுந்துவிட்டது. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கிண்டலாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் அதைக் கேட்டால் எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சிக்கு என் தங்கையின் புருஷனைப் பலி கொடுத்தேன். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுதியின் நீச்சல் குளத்துக்கு விளக்குப் போடும் வேலை, காண்டிராக்டர் ஒருவர் மூலமாக எனக்கு வந்தது. குளத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே, சட்டி மாதிரி ஒரு குழி இருக்கும். விளக்கு அதற்குள் உட்காரும். விளக்கின் முதுகிலிருந்து கிளம்பும் கேபிள் குழாய் வழியாகக் கரையில் இருக்கும் பெட்டிக்குப் போய்ச் சேரும். அந்தக் கேபிளைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, விளக்குக்குப் பின்னால் சுருட்டி வைக்க வேண்டும் என்பது விதி. பார்க்க வீண் மாதிரி தெரியும். பல்பு போனால்தான் அதன் அருமை தெரியும். கரையில் குப்புறப் படுத்துக் கையை விட்டு, ஒரு திருகைக் கழற்றி, விளக்கை அப்படியே தூக்கிக் காய்ந்த தரையில் வைத்துக்கொண்டு பல்பை மாற்றலாம். தண்ணீரும் மின்சாரமும் மனுஷனும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. விதிப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான்.

எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சுருள் குழிக்குள் அடைத்துக்கொண்டு, விளக்கைச் சுவரோடு சுவராக உட்கார விடவில்லை. அரை விரல் துருத்திக்கொண்டு நின்றது. அரை விரல்தானே என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். நான் நான்கு முறை கழற்றிக் கழற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஐந்தாவது முறை பொறுமை போய்விட்டது. கரைப் பெட்டிப் பக்கமிருந்து கேபிளை இழுத்து, விளக்குக்குப் பின்னால் ஒரு சுற்று மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டேன். விளக்கு அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. விடுதிக்காரர் சுவரைத் தடவிப் பார்த்து, "அடேயப்பா, சும்மாவா நூல்னு பேரு வச்சாங்க!" என்றார். பரிசோதனைக்கு வந்த அதிகாரி குளத்தில் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் வந்தார். விளக்கைப் போடச் சொன்னார், எரிந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதோடு அதை மறந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கையின் புருஷனுக்கு அதே விடுதியில் பராமரிப்பு வேலை கிடைத்தது. அப்போதுகூட எனக்கு அந்தக் கேபிள் ஞாபகத்துக்கு வரவில்லை.

மாப்பிள்ளை எனக்கு நேர் எதிர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். தலையை வாரினாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் என்னைவிட ஜாக்கிரதை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சமே படமாட்டார். ஒரு ஆணி அடிப்பதானாலும், "மச்சான், இங்க அடிக்கலாமா, உள்ள ஒயர் போகுமா?" என்று எனக்குப் போன் போட்டுவிடுவார்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் என் வீட்டு வாசலில் நிறுத்தினார். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை.

"மச்சான், அந்தக் குளத்து லைட்டு கரைக்கு வர மாட்டேங்குது. தண்ணிக்கு மேல ஒரு சாண் வந்து அப்படியே நின்னுக்குது. கேபிள் குட்டை."

எனக்குச் சுருக்கென்றது. நான் வெட்டிய கேபிள் ஒரு நொடியில் ஞாபகத்துக்கு வந்தது.

"எவனாவது அரைகுறை போட்டிருப்பான்," என்றேன்.

"அரைகுறை மாதிரி தெரியல மச்சான். பெட்டிய தெறந்து பாத்தேன். உள்ள ஒவ்வொரு ஒயரும் அவ்வளவு லட்சணமா இருக்கு. உங்க கை மாதிரியே இருக்கு. நீங்க போட்டதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பார். 'நூலே அறுந்துபோச்சா' என்று ஒரு மாசம் கேலி பண்ணியிருப்பார், அவ்வளவுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஊர்ல லட்சணமா வேலை செய்றவன் நான் ஒருத்தன்தானா? எவன் போட்டதுக்கெல்லாம் என்னைய இழுக்காதீங்க."

"ஐயையோ, கோவிச்சுக்காதீங்க. இப்ப அத என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

என்ன பண்ண வேண்டும் என்று எனக்குத் தெரியும். குளத்துத் தண்ணீரை விளக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, பழைய கேபிளை உருவி எறிந்துவிட்டு, நீளமான புதுக் கேபிள் போட வேண்டும். ஒரு நாள் வேலை. நான் கூடப் போயிருக்க வேண்டும். போனால் அங்கே பழைய ஆட்கள் யாராவது, 'அட, இது நீங்க போட்டதுதானே' என்று சொல்லிவிடுவார்கள்.

"மெயின ஆஃப் பண்ணிட்டு இறங்கி மாத்திடுங்க மாப்ளே. அஞ்சு நிமிஷ வேல," என்றேன்.

"நீங்க சொன்னா சரி," என்று வண்டியைக் கிளப்பினார்.

நான் சொன்னபடியே இறங்கிப் பல்பை மாற்றினார். மூன்று வாரம் கழித்து அந்தப் பல்பும் போயிற்று. மாப்பிள்ளை மெயினை அணைத்துவிட்டுத்தான் இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, விளக்கை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் கண்ணாடி மூடியைக் கழற்றினார். அலுவலகத்தில் இருந்தவர் குளத்துச் சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்து, வேலை நடப்பது தெரியாமல் அதை ஏற்றிவிட்டார். மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டிய சுவிட்ச் ஒன்றும் அங்கே உண்டு. மழை நாளில் எல்லாம் அது விழுந்து தொந்தரவு பண்ணுகிறது என்று யாரோ அதைத் தவிர்த்துவிட்டு நேராக இணைப்புக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அது விழவில்லை. மாப்பிள்ளை விழுந்தார்.

அவரை வெளியே இழுத்த அவசரத்தில் விளக்கு பிய்ந்து, அறுந்த கேபிள் குழாய்க்குள் போய்விட்டது. அது எவ்வளவு நீளம் இருந்தது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விசாரணை அறிக்கையில் மூன்று தவறுகள் என்று எழுதினார்கள். முதல் தவறு, சுவிட்சை ஏற்றியவர். இரண்டாவது, விழுகிற சுவிட்சை விழாமல் பண்ணியவர்கள். மூன்றாவது, 'விளக்கைக் கரைக்கு எடுத்து வராமல் நீரில் நின்றபடியே திறந்தது, இறந்தவரின் சொந்த அலட்சியம்.' மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டியது என் பெயர்.

என் தங்கை ஒரு நகல் எடுக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். அந்த அறிக்கையைத் தானே நகல் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். மூன்றாவது தவறு அவளுக்கு மனப்பாடம். புருஷன் செத்ததற்கு அவள் அழவில்லை. திட்டினாள். காரியம் நடந்த வீட்டில் எல்லோரும் வாயடைத்துப் போக அப்படித் திட்டினாள்.

"கரையில உக்காந்து செய்ய வேண்டிய வேல. எடுத்து மேல வைக்க சோம்பேறித்தனம். என்னையும் பொண்ணையும் ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா அந்த மனுஷன் தண்ணில இறங்கியிருப்பாரா அண்ணா? நீயே சொல்லு. நீ இறங்குவியா?"

நான் தலையைக் குனிந்துகொள்வேன். பத்து மாசம் இப்படியே போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் அவள் வீட்டுக்குப் போவேன். குழாய் ஒழுகினால் சரி பண்ணுவேன், காஸ் தூக்கி வைப்பேன். 'இந்த மாதிரி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்' என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். அதை வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டு வருவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு வயசு. அப்பா ஜாடை அப்படியே, தலை வாராததுகூட. இஸ்திரிப்பெட்டி ஷாக் அடிக்கிறது என்று துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"ப்ளக்க எப்படிப் பிடுங்கினே?"

"செருப்பு போட்டுக்கிட்டு, கை காய வச்சுட்டு, மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு."

"சபாஷ். கெட்டிக்காரி."

"நான் அப்பா மாதிரி அலட்சியமா இருக்க மாட்டேன் மாமா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

இஸ்திரிப்பெட்டியைப் பிரித்த கை அதற்குமேல் ஓடவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற அவரைச் சாகவிட்டது போதாதென்று, அவர் மகள் மனசிலும் அவரைச் சாகடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அதிலும் பாருங்கள், என் புத்தி எங்கே போகும்? கேபிளை வெட்டினதை மட்டும் சொல்வோம், வாசலில் நடந்த பேச்சு அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அதை விட்டுவிடுவோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் குழந்தையோடு கிளம்பினேன்.

குழந்தை வீட்டுப்பாடம் எழுத உள்ளறைக்குப் போயிற்று. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். குழி, சுருள், அரை விரல், நான் வெட்டியது, எல்லாம். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

மடித்த துணி மடியிலேயே கிடக்க அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்போ அந்த லைட்ட கரைக்கு எடுக்கவே முடியாதா?"

"முடியாது."

"எவ்வளவு இழுத்தாலும்?"

"தண்ணிக்கு மேல ஒரு சாண். அதோட நின்னுடும்."

"அப்போ அவரு இறங்கித்தான் ஆகணும்."

"ஆமா."

அவள் அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பத்து மாசத்து அழுகை. "உங்கள எவ்வளவு திட்டிட்டேன், எவ்வளவு திட்டிட்டேன்," என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னாள். நான் அங்கே இருப்பதே அவளுக்கு நினைவில்லை. பக்கத்தில் போகவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் பத்து மாசமாக அதிலிருந்த கடுமை போயிருந்தது.

"ஒம்போது வருஷம் முன்னாடி பண்ணினது," என்றாள். "அவரு அங்க வேலைக்குப் போவாருன்னு நீ கண்டியா? தெரிஞ்சா பண்ணினே?"

மன்னிக்கிறாள் என்று தெரிந்தது. இனி எழுந்து முகம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம் போலிருந்தது. அவளும் எழுந்தாள். எனக்குத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். நான் டம்ளரை வாயில் வைத்தபோது கேட்டாள்.

"ஆனா அவரு ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் உனக்குத்தானே போன் பண்ணுவாரு. இத உன்கிட்ட கேக்கலையா அண்ணா?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாள். கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செத்தவர் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் பழி மறுபடியும் அவர்மேல் போய் உட்காரும். கூப்பிடு தூரத்தில் தெரிந்தவன் இருந்தும் கேட்காமல் இறங்கினவர் ஆகிவிடுவார். மகள் அதையும் மனப்பாடம் பண்ணிக்கொள்வாள்.

"கேட்டாரு," என்றேன். "நீங்க போட்டதான்னு கேட்டாரு. நான் இல்லேன்னுட்டேன்."

"அப்புறம்?"

"மெயின ஆஃப் பண்ணிட்டு இறங்கி மாத்துங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, "இங்க வாம்மா. மாமா அப்பாவப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"நீயே சொல்லிடேன்," என்று கெஞ்சினேன். "என்னால முடியாது."

"பத்து மாசமா அவளுக்கு நான் சொன்னதெல்லாம் பொய். இத நீ சொல்லு. முழுசா சொல்லு."

குழந்தை பேனாவும் கையுமாக வந்தாள். எப்போதும்போல என் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்து, "என்ன மாமா?" என்றாள்.

இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை. அரை விரலில் தொடங்கி, கேபிளை வெட்டியது, அவள் அப்பா ஸ்கூட்டரில் வந்து சிரித்துக்கொண்டே கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். நான் இல்லை என்று சொன்ன இடத்துக்கு வந்தபோது, என் தோளில் அவள் தோள் இல்லை.