கப்பல் பொறித்த கத்தி

விஜயதசமியன்று பூஜையில் வைத்த சாமான்களை எடுக்கும்போதுதான் சேஷனுடைய மடக்குக் கத்தி உடைந்தது. தம்பி அனந்தபத்மநாபன் சும்மா திறந்து பார்க்கலாம் என்று அலகின் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். அசையவில்லை. ஆணியை வைத்து நெம்பினான். அலகு பாதியில் ஒடிந்து, துருப்பொடியோடு தரையில் விழுந்தது.

அவர்களைப் பெற்ற சூடாமணி அம்மாள் ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அவன் வந்து கேட்டா என்னடா சொல்றது?"

சேஷன் மலாயாவுக்குக் கப்பலேறியபோது மறந்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போன கத்தி அது. அவனுடைய தாத்தா எப்போதோ கொச்சியில் வாங்கியது. மான்கொம்புப் பிடி, உள்ளங்கையில் அடங்கும். அவன் போன மறு வருஷமே அங்கே ஜப்பான் சண்டை வந்தது. சண்டை ஓய்ந்த பிறகும் தகவல் இல்லை. அங்கிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர், சேஷனை ரயில் பாதை போடக் கொண்டுபோனதைப் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் தெரியும். கத்திக்காகவாவது வருவான் என்று சூடாமணி அம்மாள் அதைப் பூஜை அறையில் வைத்து, தினமும் ஒரு பூ சார்த்தி, ஒரு உத்தரணி தீர்த்தமும் தெளித்துவந்தாள். அந்தத் தீர்த்தம்தான் அலகைத் தின்றுவிட்டது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

நாகலக்ஷ்மி துருப்பொடியைப் பெருக்கி எடுத்தாள். சேஷனின் மனைவி அவள். கல்யாணம் ஆனபோது பதினாறு வயசு. அவன் கப்பலேறும்வரை ஒரு கோடைக்காலம் முழுசாகக்கூட அவனோடு இருந்ததில்லை. இப்போது கரமனைத் தெருவில் ஒரு விசேஷமென்றால் அவளை அழைப்பதா வேண்டாமா என்று எல்லோருக்கும் சங்கடம். அழைத்தால் சுமங்கலிகளோடு முன்வரிசையில் உட்கார வைப்பதா என்பது அடுத்த சங்கடம். அவளாகவே ஏதாவது காரணம் சொல்லிப் போகாமல் இருந்துவிடுவாள்.

அந்த வீட்டில் எதற்கும் ஒரே பதில்தான். பின்கட்டு ஓடு மாற்ற வேண்டுமா, சேஷன் வரட்டும். அனந்துவுக்குப் பெண் பார்க்க வேண்டுமா, சேஷன் வரட்டும். செக்ரடேரியட்டில் கிளார்க்காக இருந்த அனந்து ஒருநாள், வாத்தியார் டிரெய்னிங் வகுப்பில் மன்னி நாகலக்ஷ்மியைச் சேர்த்துவிடலாம், இரண்டு வருஷத்தில் வேலை கிடைக்கும் என்று சொன்னான். சூடாமணி அம்மாள் கோபப்படவில்லை. "நல்ல காரியம்தான். சேஷன் வரட்டும், அவனை ஒரு வார்த்தை கேட்டுண்டு போகட்டும்" என்றாள். நாகலக்ஷ்மி இலை போடப் போய்விட்டாள்.

தை பிறந்தால் மகன் வருவான் என்று ஜோசியர் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்குள் கத்தியைப் பழையபடி செய்துவிட வேண்டும் என்று சூடாமணி அம்மாள் பிடிவாதமாக நின்றாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் அருமைநாயகம் என்பவர் ஆஸ்பத்திரிக் கத்தரிகளும் சவரக் கத்திகளும் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். உடைந்த கத்தியை அனந்து அவரிடம் கொண்டுபோனான்.

பிடியும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றன, அலகை மட்டும் புதிதாக அடித்துப் போட்டுவிடலாம் என்றார் அவர். ஆனால் பழைய அலகில் ஏதோ படம் பொறித்திருந்த தடம் தெரிகிறது. துருவில் மீதியெல்லாம் போய்விட்டது. அது என்ன படம்?

"மான்" என்றான் அனந்து.

வீட்டில் வந்து சொன்னபோது, "மானா? பாய்மரக் கப்பல்னா அது" என்றாள் சூடாமணி அம்மாள். இருவரும் சாப்பாடு முடியும்வரை அதையே பேசினார்கள். கடைசியில் சூடாமணி அம்மாள், "நாம எதுக்கு அடிச்சுக்கணும்? நாகுவுக்குத் தெரியாததா? அவதானே பக்கத்துல இருந்தா. அவளையே கூட்டிண்டு போய்ச் சொல்லச் சொல்லலாம்" என்றாள்.

நாகலக்ஷ்மி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

அந்தக் கத்தியை அவள் பார்த்திருக்கிறாள். சேஷன் அதைக்கொண்டு நாரத்தங்காய் நறுக்கிக் கொடுத்திருக்கிறான். பென்சில் சீவியிருக்கிறான். மாவரைக்கும்போதும், ஆற்றில் துணி அலசும்போதும், பாலுக்குக் காத்து நிற்கும்போதும் அவள் அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கட்டைவிரல் வந்தது. மான்கொம்பின் பழுப்பு வந்தது. அலகு மட்டும் வெறும் வெள்ளையாக மின்னியது. இன்னும் உற்றுப் பார்த்தால் அந்தக் கையே அனந்துவின் கை போலத் தோன்றியது. அவள் பயந்து நிறுத்திக்கொண்டாள். தெரியாது என்றால் இவள் என்ன பெண்டாட்டி என்று ஆகும். தெரியும் என்று ஒன்றைச் சொன்னால் அது இரும்பில் ஏறிவிடும், பிறகு அழியாது.

மாமியாரும் மருமகளும் பஸ்ஸில் கிழக்கேகோட்டைக்கு வந்து இறங்கி நடந்தார்கள். கடையில் புது அலகு தயாராக இருந்தது. அருமைநாயகம் அதைச் சூடாக்கித் தேன்மெழுகு பூசி வைத்திருந்தார். மெழுகில் ஊசியால் படத்தைக் கீறி, கீறின இடத்தில் திராவகம் தடவினால் இரும்பு அந்த இடத்தில் மட்டும் அரித்துப் படம் விழும் என்று சொன்னார்.

"ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் எதக் கீறட்டும்? நீங்க சொல்லுங்கம்மா. அதுல என்ன இருந்துது?"

சூடாமணி அம்மாள் மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் என்று ஒரு வார்த்தை போதும். நாகலக்ஷ்மி அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"நேக்கு ஓர்மையில்லை, அம்மா" என்று வந்தது.

அருமைநாயகம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எதையோ எடுக்கப் போவதுபோல உள்ளே போனார்.

"நன்னா யோசிச்சுப் பாரேன்."

"அன்னிக்கே பிடிச்சு யோசிச்சுண்டுதான் இருக்கேன். கத்தி மட்டும் இல்லை அம்மா. அவர் மொகமும் சுவத்துல மாட்டியிருக்கற போட்டோல இருக்கற மாதிரிதான் வரது. திரும்ப மாட்டேங்கறது, சிரிக்க மாட்டேங்கறது. குரல் சுத்தமா போயிடுத்து."

இதற்கு என்ன வசவு கிடைக்கும் என்று தெரியாமல் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தில் ஒரு கைவண்டி போனது. சூடாமணி அம்மாள் கடை வாசலில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் கப்பல்னு சொன்னேனே" என்றாள். "அது அவன் கப்பல்ல போனான் பாரு, அதனாலதான் தோணித்தோ என்னமோ. அனந்து பிடியைப் பாத்துட்டு மான்ங்கறான். எனக்கும் அந்தப் போட்டோதான்டீ. பெத்தவ நான், எனக்கும் அதுதான்."

நாகலக்ஷ்மி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை.

"ஒண்ணும் போட வேண்டாம் அம்மா. இல்லைன்னா இந்த வருஷத்தைப் போடச் சொல்லலாம். இப்போ பண்ணின கத்திதானே. வந்து கேட்டா, உடைஞ்சுது, புதுசா பண்ணி வெச்சோம்னு சொல்லிடலாம்."

சூடாமணி அம்மாள் யோசித்தாள். ஒரு நிமிஷம் அவள் சரியென்று சொல்லிவிடுவாள் போலிருந்தது. பிறகு கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"கப்பலே போடுங்கோ" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அருமைநாயகம் வந்து கீறினார். மூன்று பாய்கள், கொடி, கீழே வளைவு வளைவாக அலை. திராவகம் தொட்ட இடத்தில் மெல்லப் புகைந்தது. மெழுகைச் சுரண்டித் துடைத்தபோது சாம்பல் நிறத்தில் கப்பல் அழகாக விழுந்திருந்தது. "எண்ணெய் போட்டு வெச்சுக்கிடுங்க. தண்ணி ஆகாது" என்றார். சூடாமணி அம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

தை வந்தது, போயிற்று. சேஷன் வரவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. நாரத்தங்காய் நறுக்கும் கையை நாகலக்ஷ்மி நினைத்தபோதெல்லாம் இப்போது அலகில் கப்பல் இருந்தது. எத்தனை முயன்றாலும் அதை அகற்ற முடியவில்லை. வெறுமையாக மின்னிய அந்த அலகாவது அவளுடையதாக இருந்தது. அதுவும் போயிற்று.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்த பிறகு டிரெய்னிங் வகுப்பு தொடங்கியது. அனந்து யாரையும் கேட்காமல் இடம் வாங்கி வைத்திருந்தான். அன்று காலை நாகலக்ஷ்மி சமையலை முடித்து, வேறு புடவை கட்டி, குடையை எடுத்துக்கொண்டு மாமியார் முன்னால் வந்து நின்றாள்.

"நான் வகுப்புக்குப் போறேன், அம்மா. அவர் வந்தா, சாயங்காலம் வந்துடுவாள்னு சொல்லுங்கோ."

சூடாமணி அம்மாள் வத்தல் தட்டை மழைச்சாரல் படாமல் உள்ளே தள்ளி வைத்தாள். நாகலக்ஷ்மி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்கி நடந்தாள்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அவளைவிடச் சின்னவர்கள். டீச்சர் மலையாளத்தில் ஒவ்வொருவராக எழுப்பி ஊர், பேர் விசாரித்தாள். நாகலக்ஷ்மியின் முறை வந்தபோது அவளுடைய திருமாங்கல்யச் சரட்டைப் பார்த்துவிட்டு, புருஷனுக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

"மலாயாவில், எஸ்டேட் கிளார்க்."

"இப்போது அங்கேதான் இருக்கிறாரா?"

என்னென்ன கேட்பார்களோ என்று பஸ்ஸில் வரும்போது அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். இதை நினைக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம்" என்றாள் நாகலக்ஷ்மி.

டீச்சர் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டாள்.