ஆறாவது பொத்தான்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்த அந்தத் தையல் கடைக்காரியை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தொழிலால் பாதி, வாயால் பாதி வந்த பெயர். "ஜிப் மூட மாட்டேங்குது" என்று யாராவது பேன்ட்டை நீட்டினால், "ஜிப்பை நான் மாத்திடுவேன், தொப்பையை யார் மாத்தறது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கி வைப்பாள். ஆனால் வேலை சுத்தம். பொத்தான் வைத்து எதைத் தைத்தாலும், உபரியாக ஒன்றை உள்தையலுக்குள் வைத்து மூடிவிடுவாள். அதை யாரிடமும் சொல்ல மாட்டாள். என்றைக்காவது ஒன்று தெறித்துப்போய் அவர்கள் திரும்பி வந்தால், துணிக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டுவாள். அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இப்போது அவளுக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இதற்கு முன் இரண்டு தடவை தங்கி, இரண்டும் போய்விட்டன. இரண்டாவது தடவை ஐந்து மாதம் தாண்டியதும் தைரியம் வந்து, குழந்தை வண்டி ஒன்று வாங்கினாள். கடைக்காரன் போட்டிருந்த கறுப்பு மேல்மூடி பிடிக்காமல், கடுகு மஞ்சள் துணியில் தானே ஒன்று தைத்து, ஐந்து மரப் பொத்தான் வைத்தாள். ஆறாவது மாதம் பிள்ளை போயிற்று. வண்டி படுக்கையறை மூலையில் நின்றது. லிப்ட் பழுது பார்க்கிற அவள் வீட்டுக்காரர் அந்த மூலைப் பக்கம் திரும்பாமலே சட்டை மாற்றக் கற்றுக்கொண்டார்.

அப்புறம் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. தங்கையே வந்து கேட்டாள். "சும்மா நிக்கறதை நான் கொஞ்ச நாள் வச்சுக்கறேன்க்கா. உன் பிள்ளைக்கு நானே தள்ளிக்கிட்டு வந்து குடுப்பேன், சத்தியம்." 'உன் பிள்ளைக்கு' என்ற அந்த வார்த்தைக்காகவே ஊசியக்கா கொடுத்தாள். உனக்குப் பிள்ளை வரும் என்று வாய்விட்டுச் சொன்னவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

ஆகவே மூன்று வாரத்துக்கு முன் சேதி உறுதியானபோது, வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாமல் முதலில் தங்கைக்குத்தான் போன் செய்தாள். அவர் முகம் இன்னொரு தடவை விழுவதைப் பார்க்கத் தெம்பில்லை. ஸ்கேன் முடியட்டும் என்று இருந்தாள். தங்கை போனிலேயே அழுதாள். "வண்டியைத் தொடைச்சு வைக்கறேன்க்கா" என்றாள்.

அன்று காலை பதினொரு மணிக்கு, சீருடை போட்ட பஸ் டிரைவர் ஒருவர் தோளில் குழந்தையும் கையில் வண்டியுமாகக் கடைக்குள் நுழைய முயன்றார். வண்டி வாசலில் சிக்கிக்கொண்டது.

"என்னங்க, பஸ்ஸே ஓட்டறீங்க, இதை ஓட்டத் தெரியலையா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

எழுந்தவள் அப்படியே நின்றாள். கடுகு மஞ்சள் மேல்மூடி. மரப் பொத்தான் நாலு. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் நூல் தொங்கியது.

"ஒண்ணு விழுந்துடுச்சுங்க. நல்ல வேளை, இவன் வாயில போடறதுக்குள்ள பாத்துட்டேன். அதையும் எங்கேயோ தொலைச்சாச்சு. இதே மாதிரி கிடைக்குமா?"

"இது... எங்க வாங்கினீங்க?"

"பழசுதாங்க. போன்ல விளம்பரம் பாத்து வாங்கினேன். பழசு மாதிரியா இருக்கு, பாருங்க!" பெருமையோடு போனை எடுத்துக் காட்டினார்.

படத்தில் தங்கை வீட்டு பால்கனி. தங்கை வீட்டுப் பச்சைக் கால்மிதி. நடுவில் பளபளவென்று வண்டி. துடைத்துத்தான் வைத்திருந்தாள், படம் எடுப்பதற்கு. கீழே எழுதியிருந்தது: 'ராசியான வண்டி. ஒரே குழந்தை உபயோகித்தது. உடனே எடுப்பவர்களுக்கு முன்னுரிமை.' ஊசியக்கா தேதியைப் பார்த்தாள். அவள் சேதி சொன்ன நாளுக்கு மறுநாள்.

 போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வண்டி இருக்கட்டுங்க. கால் மணி நேரம் கழிச்சு வாங்க" என்றாள். டிரைவர் பால்பவுடர் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே தங்கை எடுத்தாள்.

"சொல்லுக்கா! வாந்தி நின்னுடுச்சா?"

"வண்டி எங்கடி இருக்கு?"

"எந்த வண்டி? ஓ, அதுவா. மாடி ரூம்ல போர்வை போட்டு மூடி வச்சிருக்கேன். தூசி படக் கூடாதுல்ல?"

"பொத்தான் எல்லாம் சரியா இருக்கா?"

"அஞ்சும் இருக்குக்கா. நேத்துகூட எண்ணிப் பாத்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை ஊசியக்கா பார்த்திருக்கிறாள். மறைத்த பூசணிக்காயை எண்ணிக் காட்டுகிறவளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"நாலுதான் இருக்கு. வண்டி என் முன்னால நிக்குது" என்றாள்.

அந்தப் பக்கம் தங்கையின் பிள்ளை எங்கோ தட்டைத் தட்டுவது கேட்டது.

"அக்கா... நானே சொல்லணும்னுதான் இருந்தேன். போன தடவை நீ பட்ட பாட்டை நான்தானே பாத்தேன்? வண்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மூணு நாள் தரையில உட்காந்திருந்தே. மறுபடியும் அது முன்னாடி நீ உட்கார வேண்டாம்னுதான்..."

"மறுபடியும்னா?"

"கோவப்படாதே. டாக்டரே கஷ்டம்னு சொன்னாங்கல்ல? ரெண்டு தடவை நிக்காதது இந்தத் தடவை மட்டும் நின்னுடுமா? யாருக்காவது உபயோகமா இருக்கட்டுமேன்னு..."

காசுக்கு ஆசைப்பட்டு விற்றுவிட்டேன் என்று சொல்லியிருந்தால், நாலு திட்டு திட்டிவிட்டு அடுத்த வாரம் மறந்திருப்பாள். புத்தி கெட்டுப்போச்சு என்று சொல்லியிருந்தாலும் மன்னித்திருப்பாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது அவளுக்குத் தெரியாததா? ஆனால் சேதி கேட்டு அழுத அதே ராத்திரி தூங்கி எழுந்து, இன்னும் பிறக்காத பிள்ளைக்குக் கதை முடிந்தது என்று இவள் தீர்மானித்துவிட்டாள். தீர்மானித்துவிட்டு மூன்று வாரமாக, சாப்பிட்டியாக்கா, நடந்தியாக்கா என்று தினமும் கேட்டிருக்கிறாள். அந்த விசாரிப்புகளையெல்லாம் ஊசியக்கா ஒன்றுவிடாமல் நம்பியிருந்தாள். அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

"அக்கா? அக்கா, பேசேன்."

போனை வைத்துவிட்டாள்.

டிரைவர் திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்து முடித்திருந்தாள். மேல்மூடியின் ஓரத்தைத் திருப்பி, உள்தையலை விரலால் தடவி, சின்னக் கத்தரியால் நாலு தையல் பிரித்தாள். மரப் பொத்தான் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. புதுசு மாதிரியே இருந்தது.

டிரைவர் எதிர்பார்த்தது போலவே வாயைப் பிளந்தார். "உள்ளே இருக்குன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான்தாங்க வச்சேன். இதைத் தச்சது நான்தான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அசட்டு மனுஷர் இல்லை. "உங்க வண்டியாங்க? எனக்குத் தெரியாதுங்க. வேணும்னா நீங்களே..."

"சே சே! நீங்க நேர்மையா வாங்கினது, உங்க வண்டி" என்று பொத்தானை இழுத்து இறுக்கித் தைத்தாள். நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "பிள்ளையை உட்கார வைங்க."

குழந்தை உட்கார்ந்ததும் நேராகப் பொத்தானைத்தான் பிடித்து இழுத்தது. பொத்தான் அசையவில்லை. கூலி வாங்க மறுத்துவிட்டாள். வண்டி இந்த முறை வாசலில் சிக்காமல் வெளியே போய்விட்டது.

போன் மறுபடி மறுபடி அடித்தது. தங்கைதான். ஆறு தடவை அடித்து ஓய்ந்ததும், ஊசியக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ கட்டிடத்தில் லிப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார், குரல் எதிரொலித்தது.

"என்ன, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"மேல ஏறி வாங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

ஏணியில் அவர் ஏறும் சத்தம் கேட்டது. ஏறி நின்றதும் சொன்னாள். 

"எத்தனை நாளா தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா தனியாவா வச்சிருந்தே?" அவர் குரல் உடைந்தது. "உன் தங்கச்சிக்காவது சொன்னியா?"

வெளியே, இவ்வளவு நேரம் பக்கத்துக் கடை வாசலில் நின்றிருந்த டிரைவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்பது தெரிந்தது. மஞ்சள் மேல்மூடி எதிர்ப்பக்கம் ஏறிப் பேருந்துகளுக்கு நடுவில் மறையும்வரை ஊசியக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள். "உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."