பரங்கிக்காய்க்குப் பின்னால் ஒரு கொடி

1

இந்தக் கதை திருட்டுத்தனத்தில் பிறந்தது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தை உயிர்வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. கையில் கத்தரி வைத்திருந்தேன், வேலியைச் சீர்செய்வதுபோல. காலை முழுக்க ஒரே கிளையை வெட்டிக்கொண்டிருந்தவனை யார் நம்புவார்கள் என்பது வேறு விஷயம்.

பிரெஞ்சு பேசும் இந்தத் தெர்போன் நகரில், எங்கள் தெருவில், நீச்சல் குளம் இல்லாத வீடு என்னுடையது ஒன்றுதான். அக்டோபர் வந்தால், எல்லாம் உறைந்துபோகும் குளிர்காலத்துக்கு முன் தெருவே குளங்களை மூடித் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருக்கும். நான் வேடிக்கை பார்ப்பேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[இலைகள் உதிரும் அந்தக் காலையில், நீலத் தண்ணீரின் மேல் ஒரு சோகம் படர்ந்து—]

அடித்துவிட்டேன். தண்ணீருக்கு என்ன சோகம்? அது நீலமாகவும் இல்லை, இலை ஊறித் தேநீர் நிறத்தில் இருந்தது. சோகமெல்லாம் கரையில் நின்ற இருவருக்குத்தான்.

2

ஒடில் என் பக்கத்து வீட்டுக்காரர். ரேஜான் அவருடைய முன்னாள் கணவர். விவாகரத்துக்குப் பிறகு ரேஜான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அடுக்ககத்துக்குப் போய்விட்டார். போனவர் வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். மே மாதம் குளத்தைத் திறக்க, அக்டோபரில் மூட. குழாய்த் தண்ணீரை ஊதித் தள்ளும் கம்ப்ரசர் தன்னிடம் இருக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். தார்ப்பாயை இழுக்க இரண்டு ஆள் வேண்டும் என்பது ஒடில் சொல்லும் காரணம். பிரிந்துபோன இருவர் எதிரெதிர்க் கரைகளில் ஒரே வேகத்தில் நடந்து தார்ப்பாயை இழுப்பதை முதன்முதலில் பார்த்த அன்றே, இதை எழுதாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே. முதல் வரைவில் ரேஜானுக்குப் புதுக் காதலி ஒருத்தியைக் கொடுத்துப் பார்த்தேன்.* ஒட்டவில்லை. சட்டையில் பொத்தான்கூடத் தைத்துக்கொள்ளாமல் வருகிற மனிதரிடம் அவளை எங்கே நிறுத்துவது?

(* பேர்கூட வைத்திருந்தேன். பாவம், ஒரு பத்தியோடு போய்விட்டாள்.)

கடைசியில் சிக்கலை ஒடிலே கொண்டுவந்து கொடுத்தார், போன வாரம், வேலியோரத்தில்.

"குளத்துல மண்ணைக் கொட்டி நிரப்பப் போறேன். அடுத்த புதன்கிழமை பொக்லைன் வருது."

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு?"

"யார் நீந்துறா? மக கால்கரிக்குப் போயாச்சு. இந்தக் கோடையில நான் காலைக்கூட நனைக்கல."

"ரேஜானுக்குச் சொல்லிட்டீங்களா?"

ஒடில் கையுறையைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

"நீங்க வேற. அந்த ஆளுக்காகத்தான் நிரப்புறதே. வருஷத்துல ரெண்டு நாள் வர்றான். அந்த ரெண்டு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் காத்துக்கிட்டுக் கிடக்கேன். இந்த வயசுல எனக்கு வெக்கமா இருக்கு."

"இந்தத் தடவ வர வேணாம்னு போன் பண்ணலாமே?"

"நாலு தடவ எடுத்தேன். வச்சிட்டேன்."

இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று கேட்பீர்கள். நான் எழுதும் மொழி இந்தத் தெருவில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. ரகசியம் சொல்ல என்னைவிடப் பாதுகாப்பான ஆள் அவருக்குக் கிடையாது. அந்த நம்பிக்கையைத்தான் இப்போது உங்களிடம் அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.

3

சனிக்கிழமை ரேஜான் வந்துவிட்டார், வழக்கம்போல, சொல்லாமல் கொள்ளாமல்.

அதற்குள் ஒடிலுக்கு ஒரு தலைவலி. தோண்டுகிறவர்கள் முன்கூட்டியே ஆள் அனுப்பி, குளத்தைச் சுற்றிப் புல்லில் சின்னச் சின்னக் கொடிகள் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிவப்பு என்றால் கீழே மின்கம்பி. மஞ்சள் என்றால் எரிவாயுக் குழாய். தோண்டப் போகிற இடத்தில்தான் அவற்றை நடுவார்கள், பிடுங்கவும் கூடாது. ஒடில் கடைக்குப் போய்ப் பரங்கிக்காய்களாக வாங்கி வந்து, ரேஜான் கண்ணில் படாதபடி ஒவ்வொரு கொடிக்கு முன்னாலும் ஒன்றை வைத்துவிட்டார். அக்டோபரில் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பரங்கிக்காய் அலங்காரம்தான், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ரேஜான் வேலை செய்த காலமெல்லாம் நகரசபைக்குக் குழாய் பதித்தவர். அந்தக் கொடிகளோடு வாழ்ந்தவர், பரங்கிக்காய் வைத்து அவரிடம் மறைக்க முடியாது. ஒடில் அதை மறந்துவிட்டார், அல்லது மறக்காமல்—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

"தண்ணிய இன்னும் இறக்கணும்" என்றார் ரேஜான்.

"போதும்யா. போன வருஷம் நீ இறக்கின இறக்குல தவளை நடந்தே கரையேறிப் போச்சு."

"அம்மா தாயே, தண்ணி குழாய் வாய்க்கு மேல நின்னா உறைஞ்சு வெடிச்சிரும். வெடிச்சா மே மாசம் யாரைத் திட்டுவ?"

மே மாதம் என்றதும் ஒடில் வீட்டுப் பக்கம் திரும்பினார். "காப்பி போடுறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

ரேஜான் கம்ப்ரசரை ஓடவிட்டுக் குழாய்களில் தங்கிய தண்ணீரை ஊதித் தள்ளினார். குளத்தின் எதிர்ச் சுவரில் குமிழி வந்தது. உறையாமலிருக்க இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, ரப்பர் அடைப்பான்களை இறுக்கினார். பிறகு தார்ப்பாய் விரிக்க இடம் வேண்டுமே என்று கரையோரத்துப் பரங்கிக்காய் ஒன்றைத் தூக்கினார்.

மஞ்சள் கொடி.

பரங்கிக்காயை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றார். அடுத்ததை எட்டிப் பார்த்தார். சிவப்பு. சமையலறை ஜன்னலை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, எடுத்த இடத்திலேயே பரங்கிக்காயை வைத்தார். கொடியின் நுனி தெரிந்தது. கொஞ்சம் திருப்பி வைத்தார். இப்போது தெரியவில்லை.

கம்ப்ரசரை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். அவரோ போட்ட அடைப்பான்களையெல்லாம் கழற்றி, குழாய்களை மறுபடி முதலிலிருந்து ஊதினார். திரவம் இன்னொரு புட்டி ஊற்றினார். புதன்கிழமை மண்ணுக்குள் போகப் போகிற குளத்துக்கு அதற்கு முன் எந்த வருடமும் காட்டாத பொறுமை.

4

வாசகரே, நான் ஒளிந்திருக்கிறேன் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டாரே, அந்தக் கிளையை விட்டுருங்க. பாவம்." ரேஜான் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "எப்ப வருது மெஷின்?"

"புதன்கிழமை."

"தாபர்நாக்"* என்றார் மெதுவாக.

(* கோபம் வந்தால் இந்த ஊரார் தேவாலயத்துச் சாமான்களின் பேரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். மெதுவாகச் சொன்னால் அது கோபமில்லை.)

"ஒடில்கிட்டயே ஏன்னு கேளுங்களேன்."

"கேட்டா காரணம் சொல்லுவா. காரணம் எனக்கெதுக்கு? குளம் இல்லாட்டியும் வரட்டுமான்னு கேக்கணும். அது எப்படின்னுதான் தெரியல."

"அப்படியே கேட்டுருங்க."

"நீங்க ஒண்ணு. குளத்துக்கு வந்தேன்னா அவளால விரட்ட முடியாது. நானா வந்தா விரட்டலாமில்ல?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான் எழுதுறவராச்சே. ஒரு வரி குடுங்க."

அவர் விளையாடவில்லை. உண்மையாகவே காத்திருந்தார். நான் கத்தரியைத் திறந்தேன், மூடினேன்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. தார்ப்பாய் போடுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

காத்துக்கிடப்பதாக ஒடில் சொன்னதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நாக்கு நுனி வரை வந்தது. அது என் வாயிலிருந்து வந்தால் வெறும் சேதி. அந்தச் சேதியை வைத்துக்கொண்டு ரேஜான் கேட்டால் ஒடிலுக்கு அவமானமாகிவிடும். தெரியாமல் கேட்டால்தான் அது கேள்வி.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ரேஜான் எதுவும் சொல்லாமல் போய்விடுகிறார். புதனன்று பொக்லைன் வருகிறது. பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு: ஒடில் அழுதுகொண்டே உண்மையைச் சொல்கிறார். போனை எடுத்து எடுத்து வைத்தவரா சொல்வார்?

மூன்று: வண்டி கிளம்ப மறுக்கிறது, ரேஜான் சாப்பாட்டுக்குத் தங்குகிறார், அப்புறம்— எழுதும்போதே எனக்குக் கூச்சமாகிவிட்டது. பாட்டரி தீர்ந்ததால் சேர்ந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல விடமாட்டேன்.

6

பரங்கிக்காய்களைத் தொடாமல் சுற்றிவந்து தார்ப்பாயை இழுத்தார்கள். அந்தக் கரையில் ஒடில், இந்தக் கரையில் ரேஜான். ஒருவர் நின்றால் மற்றவரும் நின்றார். கடைசி மூலை வந்தபோது இருவருமே நடையைக் குறைத்ததைப் பார்த்தேன். அதைக் கற்பனை என்று நினைத்தாலும் சரி, நான் அடிக்கப் போவதில்லை.

பிறகு வண்டி, வாசலில். என்ஜின் ஓடுகிறது, கண்ணாடி இறங்கியிருக்கிறது. ஒடில் பட்டாணி சூப்பை ஒரு டப்பாவில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டுகிறார்.

"ஆறிடுச்சுன்னா சூடு பண்ணிக்க. அப்படியே குடிச்சிராத."

ஒவ்வோர் அக்டோபரிலும் இந்த இடத்தில் ரேஜான் சொல்வது ஒன்றுதான்: "மே மாசம் பாப்போம்." இந்தத் தடவை வாயைத் திறந்தார். அந்த வரி இனி செல்லாது என்று இருவருக்கும் தெரியும். ஒடிலின் கை டப்பாவை இன்னும் விடவில்லை. ரேஜான் தலையைத் திருப்பி, வேலிப் பக்கம், என்னைத் தேடத் தொடங்கினார்.

அவர் பார்வை வந்து சேர்ந்தபோது நான் அங்கே இல்லை. அந்தக் கணம் கைநழுவிப் போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உள்ளே ஓடி வந்துவிட்டேன். இந்த வரி அப்போது எழுதியதுதான். ஜன்னல் வழியாக என்ஜின் சத்தம் மட்டும் கேட்கிறது.

அவருக்குத் தருவதாகச் சொன்ன வரி என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கும். எப்போதாவது யாரிடமாவது சொல்ல நினைத்து, சொல்லாமல் வைத்துக்கொண்டது. அதுவே போதும். இடம் விட்டிருக்கிறேன்.

ரேஜான் சொன்னார்: "                                        "

நீளமாக வேண்டாம். ஒடில் ஸ்வெட்டர் போடாமல் வெளியே வந்திருக்கிறார். புதன்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.